பேட்டன்ட் மாப்பிள்ளை

எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். கம்ப்யூட்டரில் எதையும் செய்ய விடும் தலைமைப் பாஸ்வேர்டு மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். பிரின்டர் நின்றுபோனால் மறுபடி ஓடவைக்க அதுதான் வேண்டும். மனிதர் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். வாசலில் நூல் லாரி பிரின்டரில் அடிக்கும் சீட்டுக்குக் காத்து நிற்கும். நான் வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் அவரை எழுப்ப வேண்டும். சீ, என்ன பிழைப்பு!

ஒரு மாதம் மல்லுக்கட்டி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். என் சொந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும். அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தால், பிரின்டரை ஓட்டும் அந்த ஒரு வேலையை மட்டும் மேனேஜரின் அதிகாரத்தில் செய்துவிடும். வேறெதையும் தொட விடாது. மேனேஜருக்கு ஏக சந்தோஷம். "ஏலே, இதுக்கு பேட்டன்ட் வாங்கலாம்லா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கரிவலம்வந்தநல்லூரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். என் அக்கா சும்மா இருப்பாளா? "தம்பி புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான், கவர்மென்ட்டே பேட்டன்ட் குடுக்கப் போவுது" என்று அங்கே அளந்துவிட்டாள். நானும் மறுக்காமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். பூ வைக்க நாளும் குறித்தாயிற்று.

அந்த வாரம் மெஷினைப் பார்க்க மெட்ராஸிலிருந்து இன்ஜினீயர் ஒருவர் வந்தார். என் புரோகிராமைப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அமெரிக்காவில இது வந்து பல வருஷம் ஆச்சு சார், சும்மாவே கொடுக்கறாங்க. நம்ம நாட்டுல புரோகிராமுக்கெல்லாம் பேட்டன்டும் தர மாட்டாங்க" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "மூச்சு விடாத, தாலி கட்டுன பெறவு சொல்லிக்கிடலாம்" என்றாள் அக்கா. எனக்கோ சோறு இறங்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போய், சைக்கிள் மிதித்ததிலிருந்து எல்லாவற்றையும் பெண்ணின் அப்பாவிடம் கொட்டிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்போ நீரு கண்டுபிடிக்கலையா வே?"

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"அந்த அமெரிக்காக்காரன் எழுதுனதப் பாத்து எழுதுனீகளா?"

"சத்தியமா இல்ல."

"இப்போ பிரின்டர் நின்னா சைக்கிள்ல போகணுமா?"

"வேண்டாம்."

"பெறவென்னப்பா? பூ வைக்க வரும்போது இவுக அக்காவ மட்டும் கொஞ்சம் கம்மியாப் பேசச் சொல்லுங்க."