பார்வதம் கொட்டிய உம்

கள்ளிக்குப்பம் கோவிந்தராஜ் நாவல் எழுதப் போகிறார் என்பதைத் தெருவுக்கு முதலில் அறிவிப்பது அவருடைய தாடிதான். எழுத உட்காருவதற்குச் சில வாரங்கள் முன்னாலேயே சவரத்தை நிறுத்திவிடுவார். அடுத்து, மேசை ஜன்னலோரத்தை விட்டுச் சுவர் பக்கம் போகும். வேடிக்கை பார்த்தால் வாக்கியம் ஓடிவிடும் என்பது அவர் கட்சி. பச்சைக் கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்று பரணிலிருந்து இறங்கும். முதல் நாவல் எழுதியபோது கட்டியிருந்ததாம். இப்போது அதில் துணியைவிட ஓட்டைதான் அதிகம். ஆனாலும் அதைக் கட்டாமல் எந்தக் கதாபாத்திரமும் அவரிடம் வாய் திறப்பதில்லை.

இந்த வருஷம் ஏற்பாடுகள் இன்னும் தடபுடல். 'முப்பது நாளில் ஒரு நாவல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்திருந்தார். நவம்பர் முதல் தேதி தொடங்கி, மாதம் முடிவதற்குள் நாவலை முடித்துவிட வேண்டும். குழுவை நடத்துகிறவர் பூந்தமல்லி பிரசன்னா. வயதில் சின்னவர், இன்னும் ஒரு நாவலும் எழுதாதவர். அதனாலேயே நாவல் எழுதுவது எப்படி என்று தினமும் காலையில் அவரால் சொல்ல முடிந்தது.

கோவிந்தராஜ் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடைசியாக அனுப்பிய நாவலைப் பதிப்பாளர் படிக்காமலே திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு பேனா ஓடவில்லை. இந்த ஒரு மாதத்தில் எழுதிவிட்டால் எழுத்தாளர். எழுதாவிட்டால் ஓய்வு பெற்ற டைம் ஆபீஸ் கிளார்க். இரண்டுக்கும் நடுவில் வேறு நாற்காலி கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய அப்பா ஏர் ஓட்டிய கழனியில் பிறகு கம்பெனிகள் முளைத்தன. அதில் ஒன்றில், வாசலில் உட்கார்ந்து யார் எப்போது உள்ளே வருகிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்று பார்ப்பதே அவர் உத்தியோகம். பார்க்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. அவருடைய நாவல் ஒன்றின் வெளியீட்டு விழாவில், "இவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று ஒருவர் பேசினார். அந்தப் பேச்சுக்கு முன்வரிசையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தது அவர் மனைவி பார்வதம்.

தாடி, மேசை, லுங்கி எல்லாம் தோரணங்கள்தாம். உண்மையான வழக்கம் ஒன்றே ஒன்று. எழுதப் போகிற அத்தியாயத்தை முதலில் பார்வதத்திடம் வாயால் சொல்ல வேண்டும். விளக்கு வைத்த பிறகு அவள் முறத்தில் கீரையைக் கொட்டிக்கொண்டு கூடத்தில் உட்காருவாள். இவர் கையைப் பின்னால் கட்டி, முகட்டைப் பார்த்தபடி, வாசலுக்கும் பீரோவுக்குமாக நடந்துகொண்டே சொல்வார். பீரோவை அடைந்ததும் ஒரு கணம் நிற்பார். அவள் "உம்" என்பாள். திரும்பி நடப்பார்.

அந்த உம்மை வைத்து அவர் ஒரு சாஸ்திரமே செய்து வைத்திருந்தார். நீளமான உம் விழுந்தால் அந்த இடம் தேறிவிட்டது. குட்டை உம் என்றால் சவசவ என்று இருக்கிறது, வெட்டு. இப்படித்தான் அவர் நாவல்கள் வெட்டி ஒட்டப்பட்டன. எல்லா முன்னுரைகளிலும் 'என் முதல் வாசகி' என்று அவளுக்கு ஒரு வரி உண்டு. அச்சான புத்தகத்தை அவள் பிரித்ததில்லை. அஞ்சாவது வரை படித்தவள், பஸ் பலகைக்கு மேல் படிக்கப் பொறுமை கிடையாது. முதலில் கேட்டவளே அவள்தானே, திரும்ப எதற்குப் படிக்க வேண்டும் என்று இவரும் விட்டுவிட்டார்.

கண்டுபிடித்தது மகள் நிவேதிதா. கல்யாணமாகி வெள்ளானூர்ப் பக்கம் புதிய அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் நேரில் வந்து அம்மாவை அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். திரும்பி வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குக் காது கேக்கலப்பா."

"இன்னா சொல்ற? நேத்துகூட பேசிகினு இருந்தோமே."

"உன் மூஞ்சிய பாத்து பேசியிருக்கும். வாய் அசையறத வெச்சே அதுக்குப் புரியுது. வீடியோ கால்ல நல்லா பேசுது. சும்மா போன் போட்டா எல்லாத்துக்கும் உம், உம். 'அம்மா, நான் ரெண்டு நாளா ஜொரத்துல படுத்துகினு கீறேன்'னு சொல்றேன், அதுக்கும் உம்முங்குது. அப்பத்தான் டவுட்டு வந்துச்சு."

"எப்பலேர்ந்தாம்?"

"ரொம்ப வருஷமாங்கறாரு. அந்த பிரஸ் ஷாப்புதான். நீதான் எல்லாத்தையும் நுணுக்கமா பாக்குறவராச்சே நைனா, உனுக்குத் தெரியலையா?"

மண்ணூர்பேட்டையில் தகடு அடிக்கும் பட்டறை ஒன்றில் பார்வதம் பவர் பிரஸ் ஓட்டியவள். காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் பெண்கள் ஒருத்தி உதட்டை இன்னொருத்தி பார்த்தே பேசிக்கொள்வார்கள். மாமியார் சண்டை முதல் சினிமா வரை எல்லாமே உதட்டில்தான். இதையெல்லாம் கோவிந்தராஜ் அறிவார். இரண்டாவது நாவலில் எழுதியும் இருக்கிறார். அந்த அத்தியாயத்துக்கு நீளமான உம் விழுந்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

காதுக்கு மிஷின் வந்த அன்று பார்வதம் வீட்டுக்குள் விருந்தாளி போல நடந்தாள். "இந்த ஃபேனு இத்தினி நாளா இப்டியா கத்திகினு கீது?" என்றாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். பக்கத்து வீட்டுச் சண்டைக்கு ஜன்னலைத் திறந்து வைத்து நின்றாள். அவளுடைய சந்தோஷத்தைப் பார்க்க அவருக்கும் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் உம் இன்னும் துல்லியமாக விழும் என்றுகூட ஒரு பக்கம் மனது கணக்குப் போட்டது. எழுத்தாளர் மனது அல்லவா.

தீபாவளி கழிந்த ஒரு மழைச் சாயங்காலம் அவர் ஆரம்பித்தார். முதல் அத்தியாயம். தங்கம் என்று ஒருத்தி. காய்ச்சலில் கிடக்கிறாள். புருஷன் ஷிப்டு முடிந்து வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. அவன் அவளுடைய செருப்பை எடுத்துத் துடைத்து வைக்கிறான். பீரோவை அடைந்து நின்றார். உம் வரவில்லை.

"கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

மறுபடி நடந்தார். மறுபடி பீரோ. வெளியே மழைச் சத்தம்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தார். கீரைக்கட்டு அவிழ்க்காமல் முறத்தில் கிடந்தது. பார்வதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குயா அவ செத்துப் போறா?"

"யாரு?"

"அந்தத் தங்கம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனா பொழச்சிக்குவா இல்ல?"

"அது கதைக்கு வேணும் பார்வதம்."

"இதுக்கு முந்தின கதையில அவன் பொண்டாட்டி இன்னா ஆனா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "அதுல மஞ்சக் காமாலை."

"அதுக்கு முந்தி?"

"அதுல… கெணறு."

"மொதக் கதையில?"

"பிரசவத்துல."

சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. இத்தனை நாவல்களிலும் மனைவி ஒருத்தியாவது கடைசிப் பக்கம் வரை உயிரோடு வந்து சேர்ந்ததில்லை. மூன்றாம் அத்தியாயத்துக்குள் காரியம் முடிந்துவிடும். பிறகு புருஷன்காரன் புத்தகம் முழுக்க ஏங்குவான். அந்த ஏக்கத்தைத்தான் மதிப்புரைகளில் ஆகா ஓகோ என்று எழுதினார்கள்.

பார்வதம் முறத்தில் கிடந்த கீரைக்கட்டைக் கையில் எடுத்தாள்.

"இதுக்கெல்லாமாயா நான் உம்முன்னேன்?" என்றாள்.

"நீ இன்னான்னு நெனச்ச?"

"நான் இன்னாத்தக் கண்டேன்? மோட்டப் பாத்துகினு நடந்துகினே சொல்றே. வாயே தெரியாது. மூஞ்சி மட்டும் அவ்ளோ சந்தோஷமா கீது. யாருக்கோ கல்யாணம் பண்ணி வெக்கிறேன்னு நெனச்சேன்."

"அப்ப அந்த உம்மு?"

"பீரோவாண்ட வந்து நிப்பே. நின்னா உம்முன்னுவேன். கீரை ஆஞ்சிகினு இருந்தா குட்டையா வரும். கை சும்மா இருந்தா நீட்டமா வரும். அதுல இன்னா கீது?"

அதில் அவருடைய எழுத்து வாழ்க்கை இருந்தது. அதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டிப்போட்ட நல்ல பக்கங்கள் எல்லாம் கீரைக்கட்டு முற்றியிருந்த நாட்களில் வந்தவை என்று இப்போது புரிந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

பார்வதம் கீரைக்கட்டை அவிழ்த்தாள்.

"ஒரு ஆயுத பூஜைக்கு மிஷின் எல்லாத்தையும் நிறுத்திட்டு பொட்டு வெச்சாங்க. கற்பூரம் காட்டினாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க, பேசறாங்க. எனக்கு மட்டும் காதுக்குள்ள மிஷின் ஓடிகினேதான் கீது, நிக்கவே இல்ல. அப்பவே தெரிஞ்சிபோச்சு. ஊட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குத்தான் நீ மொத மொதல்ல ஒரு கதைய ஆரம்பிச்சே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்திருப்பே. நாள் பூரா அங்க கெடந்துட்டு வரேன். ஊட்ல ஒருத்தன் விளக்கு வெச்சா எனக்குன்னு வந்து நின்னுகினு எதையோ சொல்றான். கேக்காட்டி போவுது. எனக்குத்தானே சொல்றே?"



அடுத்து வந்த நாட்களில் அவர் செய்யாத முயற்சி இல்லை. எதிர் வீட்டு சம்பத்திடம் போய்க் கதை சொல்லிப் பார்த்தார். சம்பத் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே, இடைவெளி விடாமல், "உம் உம் உம், சொல்லு நைனா" என்றான். செல்போனிடமே சொல்லிப் பார்த்தார். இவர் சொன்னதை எல்லாம் அது எழுதிக் காட்டியது. நின்றால் அதுவும் நின்றது. முதல் அத்தியாயத்தைத் திருத்தி, தங்கத்தை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிழைக்க வைத்தார். பிழைத்தவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிற பெண்டாட்டி அடுத்த அத்தியாயத்தில் என்ன செய்வாள், என்ன பேசுவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவை மூடிவிட்டு அடுக்களையைப் பார்ப்பார். அங்கே பார்வதம் கடுகு பொரிகிற சத்தத்தைக் கேட்பதற்காகக் குனிந்து நின்றுகொண்டிருப்பாள்.

அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிடாமல் எழுந்த தட்டு, மேசை மேல் வெள்ளையாகவே கிடக்கும் தாள், சீக்கிரம் அணைகிற விளக்கு. அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளுக்கு விழா எடுக்கத்தான் ஆள் இல்லை.

நவம்பர் முதல் தேதியும் வந்தது. குழுவில் காலையிலேயே வாழ்த்துகளும் ராக்கெட் படங்களும். மதியத்துக்குள் சிலர் முதல் அத்தியாயத்தையே முடித்துவிட்டிருந்தார்கள். கோவிந்தராஜ் தாடியும் லுங்கியுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தெருவில் தண்ணீர் தேங்கி, போகிற வண்டியெல்லாம் அலையடித்துவிட்டுப் போனது.

விளக்கு வைத்ததும் பார்வதம் முறத்தோடு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். காதிலிருந்து மிஷினை மெல்லக் கழற்றினாள். அதன் டப்பாவில் வைத்து மூடி, பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

"சொல்லு," என்றாள்.

அவர் எழுந்து வந்து அவள் எதிரில், முகம் தெரியும்படி நின்றார். "மிஷினப் போட்டுக்க, பார்வதம்."

"வேணா. போட்டுகினா கேள்வி கேக்கத் தோணுது. கேள்வி கேட்டா உனுக்கு வரமாட்டேங்குது. இந்த ஒரு மாசம் போவட்டும். நீ எழுதி முடிச்சிடு, அப்பால போட்டுக்கறேன்."

"ஃபேன் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் கேக்கணும்னு ஆசப்பட்டியே?"

"மழை எங்க போயிடப் போவுது? நீ நட."

அவர் டப்பாவை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பழையபடி பக்கத்தில் வைத்தாள். கீரையை எடுக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, நாவல் கேட்கிற முகத்தோடு அவரை அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அவர் பார்க்காமல் நடந்த முகம் அது.

கோவிந்தராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகட்டைப் பார்த்தார். வாசலிலிருந்து நடந்தார். நாக்கு எழவில்லை. ஒரு வார்த்தை, ஒரு பெயர்கூட வரவில்லை. கால்கள் மட்டும் வழக்கப்படி பீரோவரை போய் நின்றன.

"உம்," என்றாள் பார்வதம்.

திரும்பி நடந்தார். மேசையின் மேல் போன் ஒளிர்ந்தது. 'இன்னைக்கு எவ்ளோ ஆச்சு சார்?' என்று பிரசன்னா கேட்டிருந்தார். அதைக் கடந்து வாசல்வரை போய், திரும்பி, மறுபடி பீரோவை நோக்கி நடந்தார். கண் கலங்கியிருந்ததால் முகடு சரியாகத் தெரியவில்லை. முகத்தை அவள் பார்த்துவிடாதபடி இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். நின்றார்.

கை சும்மா இருந்ததால், இந்த முறை அது நீளமாகவே வந்தது.

"உம்ம்ம்…"