கடுகு ஊறுகாயைக் கெடுத்தது யார்?

ஊறுகாய் கெட்டுப்போனால் உங்கள் வீட்டில் யாரைத் திட்டுவீர்கள்? எங்கள் வீட்டில் மருமகளைத்தான்.

மேட்டுப்பாளையத்தில் எங்கள் தோட்டத்துக் கேரட், பீன்ஸ், காலிஃப்ளவரைக் கழுவி நறுக்கி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, கடுகுப்பொடி கலந்து ஜாடியில் போடும் வேலையை அம்மா என் தலையில் கட்டினார். அண்ணிக்கு அன்று மாதவிலக்கு. வழக்கப்படி பின்னறையில் தனித்தட்டோடு உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கோ கோவையில் மேட்னி ஷோ. கெமிஸ்ட்ரி படிக்கிற மேதாவி நான், ஈரம் காயாமலே கலந்து மூடிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பத்தாம் நாள் ஜாடி முழுக்கப் பூசணம்.

“ஏனம்மணி, தூரமா இருக்கறப்ப ஜாடியத் தொட்டுப்போட்டயா?” என்று அம்மா அண்ணியைப் பிடித்துக்கொண்டார்.

“நான் அந்தப் பக்கமே போகலீங்கத்தை.”

“தொடாமத்தான் இப்புடிப் பூத்துக் கெடக்குதாக்கும்? இனி ஊறுகா போடற பக்கம் நீ வரவே வேண்டாம்.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஈரக்காயை அள்ளிப் போட்டதைப் பின்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அவர். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் தனியாகப் போய், “ஏனுங்கண்ணி, எம்மேலதான் தப்புன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றேன்.

“சொன்னா நம்பிருவாங்களா கண்ணு? பழிய உம்மேல போடறேம்பாங்க.”

அம்மா மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே என் மேல் திரும்பியது. அம்மாவாவது அந்த வழக்கத்தை நம்புகிறார். நான் துளியும் நம்பாமலே அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.