கயிற்றுக்கு உள்ளே

மலையில் ரோடு போட வந்த ஜேசிபி எங்கள் நிலத்து நடுகல்லை உடைத்துப் போட்டிருக்கும். அருங்காட்சியகத்துக்காரர்கள் கீழே டவுனுக்குக் கொண்டுபோனதால்தான் அது பிழைத்தது. அதை நான் மறுக்கவில்லை. அங்கேயே எனக்குக் காவலாளி வேலையும் கிடைத்தது. கல்லைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு உள்ளே, எங்கள் குலசாமிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் 'தொடாதீங்க, தொடாதீங்க' என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு.

சாமை அறுப்பு முடிந்ததும் பெரியப்பா ஜவ்வாது மலையிலிருந்து பஸ் ஏறி வந்தார். புதுச் சாமையை அந்தக் கல்லுக்குப் படைக்காமல் எங்கள் வீடுகளில் யாரும் வாயில் வைப்பதில்லை. துண்டில் முடிந்து கொண்டுவந்த சாமையோடு அவர் கயிற்றைத் தூக்கினார். கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உள்ள வராதீங்க பெரியப்பா. தானியம் வெச்சா பூச்சி வரும்னு ஆபீசர் திட்டுவாரு."

சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கயிற்றை விட்டார். கல்லைப் பார்த்தார். பிறகு என் காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

"கல்லுக்குக் காலு இல்ல, வெச்ச எடத்துல நிக்குது. உனக்கு இன்னாடா வந்துச்சு?"