வருகைப் புத்தகத்தில் போட்ட கையெழுத்து

சும்மா வேன் அனுப்பி, சோறும் போட்டு, படம் பார்க்க யாராவது கூப்பிடுவார்களா? சென்னையில் நம் ஏரியைப் பற்றி ஓவியக் கண்காட்சி, மீனவர்கள் வந்து பார்க்கவேண்டும் என்று ஆள் வந்தபோது எனக்கு அதுதான் தோன்றியது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். அதற்குச் சம்மதம் என்று காட்டிவிடுவார்கள், எந்தக் காகிதத்திலும் எவனும் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் பாடு கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனாலும் போனோம். நான், என்னோடு ஒரே படகில் தொழில் செய்யும் கூட்டாளி, இன்னும் நாலைந்து பேர்.

ஒரு பெரிய படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். விடியற்கால ஏரி. படகில்லை, ஆளில்லை, தூரத்தில் கொஞ்சம் பறவைகள். ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. வாசலில் விரித்து வைத்திருந்த புத்தகத்தில் 'நல்லா இருக்கு' என்று எழுதினேன். அதே வேகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் அவரவர் பார்த்ததைச் சொன்னோம். ஒருவருக்குத் தண்ணீரின் நிறம் பிடிக்கவில்லை. இன்னொருவர், பறவைகள் சும்மா நிற்கவில்லை, வலை கட்டும் கழிகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்றார். என் கண்ணில் அது படவேயில்லை. நான் எழுதியதைச் சொன்னதும் கூட்டாளியின் முகம் மாறியது.

"ஆளே இல்லாத ஏரி உனக்கு நல்லா இருக்காடா? நாளைக்கு, மீன்காரனே கையெழுத்து போட்டுக்கிறான் பாருனு துறைமுகத்துக்காரனுங்க நீட்டுவானுங்க. அப்ப இன்னா சொல்லுவே?"

தான் ஒரு வரிகூட எழுதவில்லை என்றான். ஊரில் சொல்வானா மாட்டானா என்பதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், எழுதியதை அடித்துவிடலாம் என்று பொன்னேரிக்கு பஸ் பிடித்து, ரயிலேறிக் கண்காட்சிக்குப் போனேன். காவலாளி என்னையே பார்ப்பதுபோல் இருந்ததால் முதலில் படத்திடம் போய் நின்றேன். கழிகள் இருந்தன. நாங்கள் நடுகிற அதே இடைவெளி. பக்கத்தில் இருந்து பார்க்காமல் அப்படி வரைய முடியாது. அப்புறம் புத்தகத்தைப் புரட்டினேன். என் வரிக்குக் கொஞ்சம் கீழே கூட்டாளியின் கோணல் எழுத்து.

'ரொம்ப அழகு. எங்க பாடு நாள் மாதிரியே இருக்கு.'

அதற்கும் கீழே அவன் கையெழுத்து.

கோபம் தலைக்கேறியது. மறுபடி படித்தபோது அது தணிந்துவிட்டது. எனக்குச் சொல்லத் தெரியாததை அவன் எழுதியிருந்தான். என்னுடையதை மட்டும் அடித்தால் அவன் தனியாக மாட்டுவான். பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் படகில் கேட்டான்.

"அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்."

வலையிலிருந்து பாசியைப் பிடுங்கிக்கொண்டே, "வேற யாருனா எழுதிக்கிறாங்களா?" என்றான்.

"பாக்கல."

அவன் நம்பவில்லை. அடுத்த சீட்டுப் போடும் நாள் வரைக்கும் ஒரே படகில் உட்கார்ந்து, ஊரில் சொல்லிவிடுவானோ என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம்.