தாலாட்டு உபதேசியார்

சின்னப்பன் இறந்தபோது, அவரைப் போல அன்பாகப் பேசியவர் பாலசமுத்திரம் சபையில் வேறு யாருமில்லை என்று அடக்க ஆராதனையில் சொன்னார்கள். குரல் மென்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு.

நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் கூடும் சின்ன ஓட்டுக் கோயிலில் அவர் பல வருடம் உபதேசியாராக இருந்தார். ஈன்ற பசுவைத் தடவிக்கொடுப்பவர் போலப் பிரசங்கம் செய்வார். அந்தக் குரல்தான் அவருடைய சொத்து. அதைத்தான் கங்கையா பறித்தார்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, சித்தூர் ஜில்லா அதனோடு சேர்ந்த அடுத்த வருடம் அது நடந்தது. மிஷன் பெரியவர்கள் வந்திருந்தார்கள். சபை மூப்பர் கங்கையா எழுந்தார்.

"இனிமே ஆபீஸு, ஸ்கூலு, கோர்ட்டு எல்லாம் தெலுங்குதான். தெலுங்குல பேசறவரா ஒருத்தரை அனுப்புங்க. நம்ம உபதேசியார் பேசறது பேச்சா? தாலாட்டு! முதல்ல கொயந்தைங்க தூங்குது, அப்பால நானு."

சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து, சின்னப்பனின் குரலிலேயே "ஆராரோ" என்று இழுத்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னப்பனின் மனைவி செல்லியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

நெல்லூர்ப் பக்கத்திலிருந்து தேவதானம் என்ற இளைஞர் வந்தார். சாதுவான மனிதர். ஆனால் சபைப் பெண்களின் தெலுங்கு சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான். ஆகவே அவர் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்லும் வேலை சின்னப்பனுக்குக் கிடைத்தது. மேடை போயிற்று, மேடையின் ஓரம் மிஞ்சியது. அந்த ஓரம் போதுமென்று அவர் சீக்கிரமே கண்டுகொண்டார்.

கர்த்தர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பொறுமை அதிகம் என்று தேவதானம் தெலுங்கில் புன்னகையோடு சொல்வார். சின்னப்பன் கங்கையாவின் முகத்தில் கண்ணை ஊன்றி முழங்குவார்: "கர்த்தர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! அவருக்குப் பொறுமை அதிகம்!" ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ஆனால் பொறுமை என்ற சொல் கெடு வைத்தது போலக் காதில் விழுந்தது. ஒரு சொல்லின் பொருளில் பாதியைத்தான் அகராதி வைத்திருக்கிறது. மறுபாதி சொல்பவனின் மூச்சில் இருக்கிறது.

வாராவாரம் இது நடந்தது. கங்கையா இடம் மாறி உட்கார்ந்தார். கண்ணும் கூடவே மாறியது. கடைசியில் தேவதானத்திடம் போய் முறையிட்டார்.

"வார்த்தை எல்லாம் சரியாத்தானே சொல்றாரு, கங்கையா?" என்றார் தேவதானம். அதற்குள் அவருக்குப் பேச்சுத் தமிழ் பழகியிருந்தது; பிரசங்கம் மட்டும் தெலுங்கில்தான்.

"வார்த்தை சரிதான் அய்யகாரு. கண்ணுதான் சரியில்ல."

வீட்டில் செல்லியம்மாவும் கேட்டாள். "அந்தாளு ஒரே ஒரு நாளு சிரிச்சான். நீ இன்னாய்யா, ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அவன் தோலை உரிச்சிக்கினு கீற?"

"நீயுந்தான் சிரிச்ச," என்றார் சின்னப்பன்.

கங்கையா கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார். தேவதானம் வீடு தேடிப் போய் அவரை அழைத்து வந்தார். அந்த ஞாயிறு அவர் தன் சாதுத்தனத்தை விட்டார். சின்னப்பனுக்கு நேராகத் திரும்பி, விரலை நீட்டி, தெலுங்கில் கத்தினார். சகோதரனைப் பகைக்கிறவன் இந்த மேடையில் நிற்கலாமா? ஆண்டவர் வீட்டைக் கசாப்புக் கடையாக்கலாமா?

சின்னப்பன் எதையும் மறைக்கவில்லை. பழைய குரலை எடுத்தார். ஈரக்கண்ணோடு, காய்ச்சல்காரனைத் தேற்றுகிறவர் போல, அவ்வளவையும் தாலாட்டாகவே தமிழில் சொன்னார். தேவதானத்தின் சத்தம் ஏற ஏற அவர் குரல் இறங்கியது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் இருந்த மணியம்மா எழுந்தே விட்டாள்.

"போதும் அய்யகாரு! அந்த மனுசன் உங்களுக்கு இன்னா பண்ணாரு? இன்னாத்துக்கு இந்தக் கூவு கூவறீங்க?"

சபை நம்பும்படி பதில் சொல்லக்கூடியவர் கங்கையா ஒருவர்தான். சொன்னால், இத்தனை வருடம் அடி வாங்கியதைச் சபை நடுவில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் தேவதானம் பேசினால் பெண்கள் முகம் கொடுத்துக் கேட்கவில்லை. அவர் மாற்றல் கேட்டார். எல்லை பிரித்து, சில ஊர்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போய், பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே நின்ற வருடம், அவரைத் திருப்பதிப் பக்கம் அனுப்பினார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. சபை, மூப்பரைச் சின்னப்பனிடம் அனுப்பியது.

சின்னப்பன் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

"நீதான் பேசணும், உபதேசியாரே," என்றார் கங்கையா.

"என் பேச்சுல கொயந்தைங்க தூங்குமே."

"அது ஏதோ வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டுதானே? இன்னொரு தபா செஞ்சு காட்டேன். அன்னிக்கு நல்லாத்தான் செஞ்ச."

கங்கையா சுற்றிப் பார்த்தார். செல்லியம்மா வாசலில் நின்றிருந்தாள். அவர் தலையைச் சாய்த்தார். "ஆரா..." என்று தொடங்கினார். அதற்குமேல் இழுக்காமல், சாய்த்த தலையை நிமிர்த்திக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மாட்டுக்கு இன்னொரு கை வைக்கோலைப் போட்டுவிட்டு, "வரேன், போ," என்றார் சின்னப்பன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையின் நடுவில் நின்றார். கர்த்தருக்குப் பொறுமை அதிகம் என்று தொடங்கினார். அவ்வளவு மெல்ல அந்தக் கோயிலில் யாரும் பேசியதில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாய்மார் மடியில் குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தூங்கின. கங்கையா மட்டும் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் ஊன்றி, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவர் இருந்த பக்கம் சின்னப்பன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.