நாஷ்டாவும் நஷ்டமும்

இங்கே ஜெர்மனியில், நீதிமன்ற வாசலில் நிற்கும் காவலருக்கு என்னைப் பல வருடங்களாகத் தெரியும். "குட்டன் மோர்கன், ஃப்ராவ் டாக்டர்" என்று தலைதாழ்த்தி வணக்கம் சொல்வார். அடுத்த நொடியே என் கைப்பையைத் திறந்து துழாவுவார். மரியாதையும் சந்தேகமும் இந்த ஊரில் சண்டையில்லாமல் சேர்ந்தே இருக்கின்றன. நான் பல்கலைக்கழகத்தில் சட்ட மொழிபெயர்ப்பு கற்பிக்கிறேன். நீதிமன்றம் அழைக்கும் நாட்களில் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய் உட்காருவேன்.

எனக்குச் சொந்த ஊர் சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம், கவரைப்பேட்டை. நெல் பயிரிடும் குடும்பம். சென்னையில் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் "இன்னா சார்?" என்று கேட்டேன், வகுப்பே சிரித்தது. ஒரே பருவத்தில் ஊர்ப்பேச்சை நாக்கிலிருந்து வழித்தெடுத்துவிட்டேன். பிறகு சட்டம், ஜெர்மன், முனைவர் பட்டம். என் ஆய்வேட்டில் எங்கள் பக்கத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

போன குளிர்காலத்தில் ஏகாம்பரம் என்பவரின் வழக்கு வந்தது. பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துக்காரர், இங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை. உணவகம் எரிந்துபோனது, அவர்தான் கொளுத்தினார் என்று குற்றச்சாட்டு. காவல்துறை வாக்குமூலத்தில் 'நஷ்டத்துக்காகத் தீ வைத்தேன்', அதாவது முதலாளிக்கு நஷ்டம் உண்டாக்க, என்று அவரே ஒப்புக்கொண்டதாக இருந்தது. அதை மொழிபெயர்த்தவள் என் மாணவி தர்ஷிகா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்த பெண். என் வகுப்பிலேயே கெட்டிக்காரி.

நீதிபதி கேட்டதற்கு ஏகாம்பரம் கைகூப்பிச் சொன்னார்: "நாஷ்டாவுக்கோசரம்தாம்மா கரி அடுப்புல நெருப்பு வெச்சேன். வேற இன்னாத்துக்கு வெக்கப்போறேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைச் சாப்பாட்டுக்காக அடுப்பு மூட்டினேன் என்கிறார் மனிதர்! அதை ஜெர்மனில் சொன்னேன். வாக்குமூலம் வேறு மாதிரி இருக்கிறதே என்றார் நீதிபதி. மொழிபெயர்ப்பாளர் வாதாடக் கூடாது. அதனால் அந்தச் சொல்லை விளக்க மட்டும் அனுமதி கேட்டேன். என் மாணவியின் பிழையை நானே சபையில் சொல்ல வேண்டியிருந்தது.

காவல்துறையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார் நீதிபதி. தர்ஷிகாவையும் வரவழைத்தார்கள். அவள் இரண்டு முறை கேட்டாள், என் பக்கம் திரும்பி, "நாஷ்டா எண்டால் காலைச் சாப்பாடோ, டீச்சர்?" என்றாள். தலையசைத்தேன். நீதிபதியைப் பார்த்துத் தெளிவான ஜெர்மனில் சொன்னாள்: "தவறு என்னுடையது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக எடுத்துக்கொண்டேன்."

பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் சொல்லத் தயங்கும் வாக்கியம் அது. தீவைப்புக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. அடுப்பிலிருந்து தீ பரவிய விபத்து என்று முடிந்தது. தாழ்வாரத்தில் ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எந்த ஊரும்மா?" என்றார்.

"கவரைப்பேட்டை. நம்ம பக்கந்தாண்ணா. பேஜாராவாம ஊட்டுக்குப் போ" என்றேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தப் பேச்சு தானாக வந்தது. பக்கத்தில் நின்ற தர்ஷிகா குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

நீதிமன்றப் படியில் நின்றே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"கேஸு ஜெயிச்சிட்டியாம்மா?"

"அது என் கேஸு இல்ல நைனா. நான் யார் பக்கமும் இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சேர் போட்டுருப்பாங்க. அதுல உக்காந்துக்கினு இருந்தேன்."

"அது இன்னா எடம்மா, இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம?"

"அதான் நைனா என் எடம்" என்றேன், நிமிர்ந்து நின்றபடி.