மருந்து நோட்டில் இருந்த என் கையெழுத்து

போன வருடம் ஆகஸ்ட் மாதம், சட்டை போட்டுக்கொள்ளக்கூட என் மனைவி எஸ்தரின் உதவி வேண்டியிருந்தது. வலது கை தோளுக்கு மேல் போகாது. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. பத்தொன்பது வருடம் சரக்குக் கப்பல்களில் ஃபிட்டராக, இஞ்சின் ரூமில் பழுதானதைச் சரிசெய்கிறவனாக, வேலை பார்த்தவன் நான். எஸ்தருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் கைதான் சோறு போட்டது.

சபையாரே, வெட்கப்பட வேண்டிய பகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கஷ்டத்தில் பாதி நானே தேடிக்கொண்டது.

அடிபட்டது மே மாதம், நடுக்கடலில். கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. பம்பின் மூடியைத் தூக்கிக்கொண்டு இஞ்சின் ரூம் ஏணியில் இறங்கும்போது எண்ணெயில் கால் வழுக்கியது. வலது கையால் கம்பியைப் பிடித்தேன். உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு தோளில் தொங்கியது. உள்ளே ஏதோ அறுந்தது எனக்கே கேட்டது.

கப்பலில் மருந்துப் பெட்டி செகண்ட் ஆபீசர் பொறுப்பு. எங்கள் செகண்ட் ஆபீசர் அன்டன், தூத்துக்குடிக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். அவர் விபத்து ரிப்போர்ட் எழுதப் பேப்பரை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, எழுதிடாதீங்க. என் பிழைப்பே போயிடும்." அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

கடலில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும். அடிபட்டவன் என்று பெயர் ஏறிவிட்டால் அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு பயம். அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவோம். நானும் இரண்டு மாதம் ஓட்டினேன். ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போது, 'எனக்கு எந்தக் காயமும் இல்லை' என்ற தாளில் வழக்கம்போலக் கையெழுத்தும் போட்டேன். போட்டது அந்த வலது கையால்தான்!

வீட்டுக்கு வந்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அடுத்த ஒப்பந்தத்துக்கு மெடிக்கல் செக்கப் வந்தது. அன்று காலை முழங்கால் போட்டு ஜெபித்தேன்: "ஆண்டவரே, டாக்டர் முன்னால் ஐந்தே ஐந்து நிமிடம் இந்தக் கை மேலே போகட்டும்."

பின்னால் நின்ற எஸ்தர் கேட்டுவிட்டாள். "என்னங்க, டாக்டர ஏமாத்துறதுக்கு ஆண்டவரையே கூட்டுச் சேக்கிறீங்களா?"

கோபத்தோடு கிளம்பிப் போனேன். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தோள்வரை வந்து நின்றது. வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்.

கம்பெனியிடம் ஊனத்துக்கான இழப்பீடு கேட்டேன். கப்பலில் அடிபட்டதாக எந்தப் பதிவும் இல்லை, நீங்களே காயமில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. அவர்களை எப்படிக் குறை சொல்வது? என் பொய்யை அவர்கள் நம்பிவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பதினோராவது மாடி வராந்தாவில் நின்று கீழே பார்த்தபோது வந்த நினைப்பை இங்கே சொல்ல வேண்டாம். எஸ்தர் வந்து என் இடது கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மாலுமிகள் சங்கத்தில் ஒருவர் என் கதையை முழுவதும் கேட்டார். "அண்ணே, பயப்படாதீங்க லா. நீங்க மறைச்சதையும் சேர்த்து உண்மைய அப்படியே எழுதுங்க. பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தது அன்டன் ஒருவர்தான். எழுதாதே என்று கெஞ்சிய வாயால் இப்போது எப்படிச் சாட்சி கேட்பது? மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எஸ்தரோடு முழங்கால் போட்டேன். இந்தத் தடவை கை குணமாக வேண்டும் என்று கேட்கவில்லை. "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். பயந்துதான் சொன்னேன். மன்னியும். இனி நீர் பார்த்துக்கொள்ளும்." அவ்வளவுதான் வந்தது. பிறகு அன்டனிடம் மன்னிப்புக் கேட்டு, நடந்ததை எழுதித் தர முடியுமா என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்.

அவர் கடலில் இருந்தார். பதினெட்டு நாள் பதில் இல்லை. நானும் எஸ்தரும் காலை உபவாசம் இருந்து ஜெபித்தோம்.

பத்தொன்பதாம் நாள் சூலியா தெருவில் ஒரு கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அண்ணாச்சி, இப்பத்தான் சிக்னல் கெடச்சுது. நீங்க எழுதாதீங்கன்னது விபத்து ரிப்போர்ட்டத்தானே? மருந்து நோட்டுல எழுதாம ஒரு அட்டை மாத்திரகூட வெளிய எடுக்க முடியாதுல்லா. யாருக்கு, எதுக்குன்னு எழுதணும். 'ஏணியில வழுக்கினதுல வலது தோள் வலி'ன்னு ஒவ்வொரு தடவையும் எழுதிருக்கேன். நீங்க ஏழு தடவ கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நான் படிக்காமலே போட்ட கையெழுத்துகள்! வலியில் மாத்திரையை வாங்கினால் போதும் என்று இருந்திருக்கிறேன்.

"அந்த ரிப்போர்ட்ட எழுதாம விட்டது என் தப்பு, அண்ணாச்சி. அதையும் சேத்தே எழுதித் தாரேன்."

"தம்பி, உங்க வேலைக்கு ஏதாச்சும்..."

"பாத்துக்கிடலாம். எனக்கும் மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

கடைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு அழுதேன்.

சங்கம் அந்த நோட்டைக் கேட்டு எழுதியது. கம்பெனி அனுப்பியது. அவர்களுடைய டாக்டரே தோளை ஸ்கேன் எடுத்து, தசைநார் அறுந்தது விழுந்ததால்தான் என்று எழுதினார். அறுவைச் சிகிச்சை நடந்தது. இழப்பீடும் வந்தது. அன்டனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது, வேலை போகவில்லை. அதற்காகவும் தினமும் நன்றி சொல்கிறேன்.

இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை. கப்பலேறப் போகிற தம்பிகள் வந்தால் விடாமல் சொல்கிறேன்: அடிபட்டால் அன்றைக்கே எழுதச் சொல்லு, எழுதியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

கை முழுதாகக் குணமாகவில்லை. ஆராதனையில் நீங்கள் எல்லாரும் கைகளை உயர்த்தும்போது என்னுடையது பாதியில் நின்றுவிடும். எஸ்தர் என் வலது பக்கம் நின்று, முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்குகிறாள். அப்போது இன்னும் கொஞ்சம் உயரும். அவள் முதல் தடவை அப்படிச் செய்த ஞாயிற்றுக்கிழமை என்னால் பாட முடியவில்லை.

இங்கே யாராவது வலியை மறைத்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அவர் கைவிட மாட்டார். உங்களுக்கும் கை மேலே போகவில்லை என்றால் என் இடது பக்கம் வந்து நில்லுங்கள். அந்தக் கை நன்றாகத்தான் இருக்கிறது, நான் தாங்குகிறேன்.